ஊருக்குள் போகும் முன்: கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் சமூகப் பணிக்கு ஒரு வழிகாட்டி

கொங்கு நாட்டின் எந்த ஊருக்கு மாணவர்களை அழைத்துச் சென்றாலும், பால் சங்கத்துத் திண்ணையிலோ மாரியம்மன் கோயில் மேடையிலோ அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், வந்தவர்களை உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்த பிறகு, பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “போன வருசமும் உங்களாட்டப் பசங்க வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க, அது என்னாச்சுங்க?”

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டபோது, முந்தைய ஆண்டின் கணக்கெடுப்புப் படிவங்கள் துறை அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அந்த ஊரில் ஏறக்குறைய முந்நூறு வீடுகளில் மக்கள் தங்கள் வருமானத்தையும் கடனையும் நோயையும் மனம் திறந்து சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூட அவர்களிடம் திரும்பிப் போகவில்லை. பேராசிரியர்களும் மாணவர்களும் ஊருக்குள் செய்யும் எந்தப் பணியாயினும், அந்தப் பெரியவரின் கேள்விக்கு மறு ஆண்டு நேராக விடை சொல்ல முடியுமா என்பதே அதன் உரைகல் என்று அன்று முதல் கருதி வருகிறேன். அப்படி விடை சொல்லும் வகையில் பணியை அமைப்பது எப்படி என்பதை, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் ஆகிய மாவட்டங்களின் கல்லூரிகளை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

எந்த வழியாகப் போவது

கல்லூரியிலிருந்து ஊருக்குச் செல்ல ஏற்கெனவே சில வழிகள் உள்ளன. அவற்றில் மூத்தது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் சேரும் மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். இரண்டாவது, மத்திய அரசு 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான். இதில் சேரும் கல்வி நிறுவனம் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றின் தேவைகளை அறிந்து, தன்னிடமுள்ள தொழில்நுட்ப அறிவை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாவது, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துக் கொடுத்த, இரண்டு கிரெடிட் கொண்ட சமூக ஈடுபாட்டுப் பாடம். அதன் நேரத்தில் பாதியாவது களத்தில் கழிய வேண்டும் என்பது அதன் அமைப்பு. இவை தவிர, சமூகப் பணித் துறை மாணவர்களின் களப்பணி, வேளாண்மை மாணவர்கள் இறுதி ஆண்டில் ஊரில் தங்கிப் பெறும் ஊரக வேளாண் பணி அனுபவம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் (ரெட் ரிப்பன் கிளப்) ஆகியவையும் உண்டு.

இவற்றைத் தனித்தனியாக, ஆளுக்கொரு ஊரில் நடத்துவதே பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். அதனால் ஒரு கல்லூரியின் பெயரில் பத்து ஊர்களில் பத்து நிகழ்ச்சிகள் நடந்திருக்கும். ஓர் ஊரிலும் எதுவும் நிலைத்திருக்காது. என் கருத்தில், எல்லா வழிகளையும் ஒரே ஊராட்சியில் கொண்டுவந்து சேர்ப்பதே சிறந்தது. பாடத்திட்டத்தின் வழியாக வரும் மாணவர்கள் அளவெடுக்கட்டும். நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், அந்த அளவுகள் காட்டும் தேவைக்கு ஏற்ற உடலுழைப்பைத் தரட்டும். இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டம் அந்தத் தரவுகளை அலசட்டும். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியைக் காக்கட்டும். கல்லூரியின் தரமதிப்பீடு ஆராய்ச்சியையும் விரிவாக்கப் பணியையும் கணக்கில் கொள்வதால், நிர்வாகத்திடம் இந்த இணைப்பை எடுத்துச் சொல்வதும் கடினமன்று.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

பேர் பெற்ற பின்தங்கிய ஊரைத் தேடித் தொலைவுக்குச் செல்ல வேண்டாம். மாணவர்கள் நகரப் பேருந்தில் ஏறி முக்கால் மணி நேரத்தில் இறங்கக்கூடிய ஊராட்சியே போதும். கல்லூரிப் பேருந்து கிடைக்காத நாளிலும் இரண்டு மாணவியர் தாமாகப் போய் ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்ப முடிய வேண்டும்; தொடர்பு வளர்வது அப்படித்தான்.

கொங்கு ஊர்களின் அமைப்பு டெல்டா ஊர்களின் அமைப்பைப் போன்றதன்று என்பதை வெளி மாவட்டங்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். இங்கே ஊரின் நடுவிலுள்ள வீடுகளுக்கு இணையாக, தோட்டங்களுக்குள் தனித்தனியாக அமைந்த சாளைகளிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஊரின் தெருக்களில் மட்டும் நடந்து கணக்கெடுப்பவர், இந்தத் தோட்டத்துக் குடும்பங்களை முற்றிலும் தவறவிட்டுவிடுவார். குறிப்பாக, தோட்டங்களில் தனியே வாழும் முதியவர்களைத் தவறவிடுவார். அதேபோல், ஊரிலிருந்து சற்றுத் தள்ளிக் காலனி என்று அழைக்கப்படும் பட்டியலின மக்களின் குடியிருப்பும், பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் உள்ள பகுதிகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளும் ஒரே ஊராட்சிக்குள் வரும். இவையனைத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்த பிறகே பணியைத் தொடங்க வேண்டும்.

காலனியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முகாம் ஊர்ப் பகுதியில் நடந்து, உணவும் தங்கலும் அங்கேயே அமைந்து, காலனிக்கு ஒரு பிற்பகல் மட்டும் ஒதுக்கப்படுமானால், மாணவர்கள் அங்கே வேரோடியிருக்கும் பிரிவினையைத் தாங்களும் ஒருமுறை நடத்திக் காட்டியவர்களாகிறார்கள். தொடக்க விழாவையோ நிறைவு விழாவையோ காலனியில் வையுங்கள். அங்குள்ள வீடுகளில் தேநீர் கொடுத்தால் அனைவரும் குடியுங்கள். இரு பகுதி மக்களும் வந்து அமரக்கூடிய பள்ளிக்கூடத்தையே முகாமின் இருப்பிடமாகக் கேட்டுப் பெறுங்கள். இதற்கு ஊரில் யாரேனும் முகம் சுளித்தால், பணிவாகவும் உறுதியாகவும் பேச வேண்டியவர் ஆசிரியரே. அந்தச் சுமையை மாணவர் தலையில் ஏற்றக் கூடாது.

மலை ஊர்களுக்குச் செல்ல விரும்புவோர் வேறு சிலவற்றையும் கருத வேண்டும். ஆனைகட்டிப் பகுதியில் இருளர், ஆனைமலையில் காடரும் மலசரும், சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர் மலைகளில் சோளகரும் ஊராளிகளும் வாழ்கிறார்கள். இவ்வூர்களில் பலவும் புலிகள் காப்பகங்களுக்குள்ளோ அவற்றை ஒட்டியோ இருப்பதால் வனத்துறையின் எழுத்து வழி அனுமதி தேவை. ஏற்கெனவே ஆய்வாளர்கள் மிகுதியாக வந்துபோகும் ஊர்களும் இவையே. ஒரு கல்லூரி அங்கே தொடர்ந்து பல ஆண்டுகள் வரப்போவதில்லையென்றால், சமவெளியிலேயே பணியாற்றுவது நன்று.

முதல் மூன்று வருகைகள்

முதல் மூன்று வருகைகளில் படிவமும் பதாகையும் நிழற்படக் கருவியும் வேண்டாம். ஓர் ஆசிரியரும் நான்கு மாணவர்களும் போதும்.

ஊராட்சித் தலைவரையும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பொறுப்பில் இல்லாத காலமாயின் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரையும் முதலில் சந்தித்துக் கல்லூரி முதல்வரின் கடிதத்தைக் கொடுங்கள். ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், பள்ளித் தலைமையாசிரியர், துணை சுகாதார நிலையச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரைச் சந்திப்பது அடுத்தது. இவர்களிடம் ஏற்கெனவே உள்ள பதிவேடுகளைப் பார்த்தால், நீங்கள் கேட்க நினைத்த கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். மக்களை அதே கேள்விகளால் மறுபடியும் தொந்தரவு செய்ய வேண்டியிராது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களின் விவரம் வீடு வீடாகப் பதிவாகி வருகிறது. அதே ஊரில் மாணவர்கள் மறுபடியும் இரத்த அழுத்தம் பார்ப்பதைவிட, மாத்திரையை இடையில் நிறுத்தியவர்கள் யார், ஏன் நிறுத்தினார்கள் என்று செவிலியருடன் சேர்ந்து கேட்டறிவது பயன் தரும்.

அலுவலர்களைப் பார்த்த மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லுங்கள். ஊரின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், ஒரு மாடு வைத்திருக்கும் கைம்பெண் முதல் பத்து மாடு வைத்திருக்கும் தோட்டக்காரர் வரை, கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் இடம் அது. தீவன விலை, தண்ணீர் நிலை, மகன் வேலை தேடிப் போன இடம், நேற்று இரவு காட்டுப்பன்றி புகுந்த தோட்டம் என எல்லாம் அங்கே பேசப்படும். அதற்கடுத்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்துக்கு அனுமதி கேட்டு, மாணவியர் மட்டும் சென்று அமர்ந்து கேட்க வேண்டும்.

பேசும் முறையும் முக்கியம். இப்பகுதியில் சிறுவனிடம் கூட ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசும் வழக்கம் உண்டு. வயதில் மூத்த தொழிலாளியை ஒருமையில் அழைக்கும் பழக்கம் மாணவரிடம் இருந்தால் அதை வகுப்பறையிலேயே திருத்திவிட வேண்டும். முதியவர்களை அப்பாருங்க, அம்மாயிங்க, அப்பத்தாங்க என்று அழைப்பதை உள்ளூர் மாணவர்கள் அறிவார்கள். வெளியூர் மாணவர்களை அவர்களுடன் இணைத்து அனுப்புங்கள்.

நாள் குறித்தல்

கல்லூரி நாட்காட்டியை வைத்துக்கொண்டு முகாமுக்கு நாள் குறிப்பதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். ஊருக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்ட ஊரில், நோம்பி (திருவிழா) முடியும் வரை யாரும் உங்கள் படிவத்துக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்; அழைத்தால் விருந்தினராகச் செல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மஞ்சள் வெட்டி வேவிக்கும் காலம். கீழ்பவானிப் பாசனப் பகுதியில் ஆகஸ்டு நடுவில் கால்வாயில் தண்ணீர் திறந்தால் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் துணி துவைக்கவும் உள்ள ஒரே நாள். விசைத்தறிக் கூடங்களில் இரவுப் பணி முடித்து வந்தவர் காலை பத்து மணிக்கு உறங்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக் கதவை அப்போது தட்டுவது இரக்கமற்ற செயல்.

கிராம சபை கூடும் நாட்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஓராண்டுப் பணி முழுவதையும் இந்த ஆறு நாட்களைச் சுற்றி அமைக்கலாம். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான பேச்சு அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையை ஒட்டி நடப்பதால், உங்கள் கண்டறிதல்கள் செப்டம்பருக்குள் ஊராட்சியின் கையில் இருந்தால் அவை திட்டத்துக்குள் நுழைய வாய்ப்புண்டு. டிசம்பரில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குத்தான்.

என்ன செய்யலாம்

ஒவ்வொரு துறைக்கும் தன் பாடத்திலிருந்தே கொடுக்க ஏதேனும் இருக்கிறது. மரம் நடுவதும் கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்வதும் யாரும் செய்யக்கூடியவை. வேதியியல் படித்தவர் வேதியியலைக் கொண்டுசெல்லும்போதுதான் கல்லூரி ஊருக்கு வந்ததாகப் பொருள்.

இப்பகுதியில் முதலில் நிற்பது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த நிலத்தில், ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஊர்கள் பல. வேதியியல் துறை ஓர் ஊராட்சியின் ஐம்பது நீர் ஆதாரங்களைத் தேர்ந்து, ஆண்டுக்கு இருமுறை, மே மாதக் கடும் வெயிலிலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் நீர் மாதிரி எடுத்து ஆராயலாம். செய்முறை எளியது. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பின் நீரைப் பிடிக்க வேண்டும். அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, மூடி, இடத்தின் பெயரும் நாளும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். குளிர்ச்சியான பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம். ஃபுளூரைடுக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லையேல் 1.5. கையடக்கமான டி.டி.எஸ். மீட்டர் நீரில் எவ்வளவு உப்பு உள்ளது என்பதை மட்டுமே சொல்லும், எந்த உப்பு என்பதைச் சொல்லாது என்பதை மாணவர்கள் ஊராருக்கும் விளக்க வேண்டும். அந்த எண் குறைவாக இருப்பதாலேயே தண்ணீர் நல்லது என்று நம்பிவிடுவோர் பலர்.

நொய்யல் ஆற்றங்கரை ஊர்களில் இப்பணி இன்னும் கவனமாகச் செய்யப்பட வேண்டும். பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியதும், கழிவுநீர் வெளியேற்றம் தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பின்னர் கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறையில் மட்டுமே பட்டறைகள் இயங்க வேண்டும் என்ற நிலை வந்ததும் பலரும் அறிந்தவை. அந்தக் கரையோர மக்கள் பல ஆண்டுகளாக எண்ணற்ற ஆய்வாளர்களுக்குத் தங்கள் கிணற்று நீரை மொண்டு கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் செல்வோர், முன்னர் வந்த ஆய்வுகளைப் படித்து, அவற்றின் முடிவுகளை எளிய தமிழில் எழுதி எடுத்துச் செல்வதையே முதல் பணியாகக் கொள்ள வேண்டும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இன்னொரு அரிய வாய்ப்பைத் திறந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் எடுக்கப்பட்டு, ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாக, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரிகளுக்கும் குளங்களுக்கும் குட்டைகளுக்கும் அனுப்பப்படுகிறது. உங்கள் ஊராட்சியில் அவற்றுள் ஒரு குட்டை இருந்தால் போதும். புவியியல், கட்டடப் பொறியியல் மாணவர்கள் குட்டையில் ஓர் அளவுகோல் நட்டு, வாரந்தோறும் நீர்மட்டத்தையும், அரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் பதிந்து வரலாம். வாரத்தில் ஒரு நாள் அளவெடுக்கும் பொறுப்பை உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைத்தால், கல்லூரி விடுமுறையிலும் பதிவு நிற்காது. குட்டை நிரம்புவதால் எந்தக் கிணறு ஊறுகிறது, எது ஊறவில்லை என்பதை ஐந்து ஆண்டுத் தரவு காட்டிவிடும். விவசாயி அடுத்த ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்குவதற்கு முன் அவருக்கு அது தெரிய வேண்டும்.

தாவரவியல், விலங்கியல் துறையினருக்கு 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒரு வேலையை வைத்திருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் பணியாற்றுவோர் கொறங்காட்டிலிருந்து தொடங்கலாம். கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல் பரவி, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலம், காங்கேயம் மாட்டினத்தைக் காத்து வந்த ஒரு முழு முறைமை. அதன் புற்களின் பெயர்களையும் மேய்ச்சல் முறையையும் அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். மாணவர் ஒருவர் ஒரு முதியவருடன் நான்கு பருவங்களிலும் அந்தக் காட்டில் நடந்து, அவர் சொல்லும் பெயரிலேயே எழுதி, பின்னர் அறிவியல் பெயரைச் சேர்க்க வேண்டும். மருந்துச் செடிகளைப் பற்றிய அறிவு அந்தக் குடும்பத்தின் உடைமை. அவர்கள் எழுத வேண்டாம் என்றால் எழுதக் கூடாது.

விசைத்தறி மிகுந்த சோமனூர், பல்லடம் பகுதிகளில் இயற்பியல், மின்னணுவியல் மாணவர்கள் தறிக்கூடங்களின் இரைச்சலை அளக்கலாம். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்துள்ள வரம்பு 90 டெசிபெல். கூலிக்கு நெய்யும் சிறு தறிக்காரர் தம் குடும்பத்தாருடன் அதே கூடத்தில் நாள் முழுதும் நிற்பவர் என்பதால், அளந்த எண்ணோடு காதடைப்பான்களையும், காது பரிசோதனைக்கான ஏற்பாட்டையும் சேர்த்துக் கொண்டுசெல்லுங்கள். அளவு மட்டும் அவருக்கு எதற்கும் உதவாது. பவானி, சென்னிமலைப் பக்கம் கைத்தறி நெசவாளர்களிடம் செல்லும் வணிகவியல், சட்ட மாணவர்கள், ஜமக்காளம் உள்ளிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியுள்ள 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பவானி ஜமக்காளத்துக்குரிய புவிசார் குறியீட்டையும் எளிமையாக விளக்கும் துண்டறிக்கை ஒன்றைத் தயாரிக்கலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது மொழித்துறை மாணவர்களுக்கு உகந்தது. கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் குழந்தையைச் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் ஒடியா பேசும் ஒன்பது வயதுக் குழந்தை தமிழ் தெரியாமல் நான்காம் வகுப்பில் அமர்ந்திருப்பது பெருந்துயரம். மாலையில் ஒரு மணி நேரம், இரண்டு பருவங்களுக்கு, பேச்சுத் தமிழ் கற்றுத் தரும் மாணவர் இருவர் அந்தக் குழந்தையின் வாழ்வை மாற்ற முடியும். பெற்றோருடன் பேசும்போது கம்பெனி மேற்பார்வையாளர் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் விடுதிகளுக்கு அனுமதியுடன் பெண் ஆசிரியர்களே செல்ல வேண்டும்.

வரலாற்றுத் துறையினருக்கு நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் நன்கு அறிமுகமான பெயர். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் இரும்பு உருக்கிய உலைகளும் மணி செய்த பட்டறைகளும் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் உங்கள் ஊரின் வாய்க்கால் மேட்டில் எண்ணெய் பூசி வழிபடப்படும் நடுகல் யார் கணக்கிலும் இல்லாமல் இருக்கலாம். அதைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, ஊரார் சொல்லும் கதையையும் எழுதித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்பு பூசுவதும் அமிலம் இட்டுத் துலக்குவதும் கூடாது. வீடுகளிலுள்ள பட்டயங்களையும் ஓலைகளையும் அந்த வீட்டிலேயே படமெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவல் கேட்பதே தவறு.

கேட்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வரம்பு

ஒவ்வொரு வீட்டிலும், யார், எதற்காகக் கேட்கிறோம், விடை எங்கே போகும், வேண்டாமென்றால் எந்த இழப்பும் இல்லை என்பவற்றை முதலில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் எக்காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது. உடல்நலம் தொடர்பான ஆய்வெனில் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். சாதி, கடன், மதுப்பழக்கம் பற்றிய கேள்விகளைத் திண்ணையில் பிறர் கேட்கும்படி கேட்பது, உண்மையை மறைக்கச் செய்வதோடு அந்தக் குடும்பத்தை அவமதிப்பதும் ஆகும்.

ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கும் விஷயங்களில் மாணவர் தரப்பெடுக்கக் கூடாது. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் அமைப்பது பற்றிய விவாதம் இதற்கு நல்ல சான்று. கசிவு நீரால்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன என்று ஒரு தரப்பினரும், கசிவைத் தடுத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று மற்றொரு தரப்பினரும் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் வாழ்வாதாரம் அடங்கியிருக்கிறது. இத்தகைய இடத்தில் கல்லூரி செய்யக்கூடியது, தலைமடையிலும் கடைமடையிலும் ஒரே முறையில் அளந்து, அளந்த முறையையும் சேர்த்து இரு தரப்பாரிடமும் ஒரே நாளில் கொடுப்பது.

ஊரின் கையில் கொடுத்தல்

கண்டறிந்ததை மூன்று வடிவங்களில் எழுதுங்கள். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய அறிக்கை முதலாவது. அதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, ஊராட்சிக்குத் தமிழில் நான்கு பக்கம்: எந்தத் தெருவில் என்ன குறை, அதற்கு எந்தத் துறையை அணுக வேண்டும், தோராயமாக என்ன வேலை என்பது அதில் இருக்க வேண்டும். கிராம சபையில் அதை வாசிப்பவர் உங்கள் மாணவராக இருப்பதைவிட, கணக்கெடுப்பில் உடன் நடந்த ஊர்ப்பெண் ஒருவராக இருப்பது சிறந்தது. தீர்மானம் கேட்கும் உரிமை அவருக்கே உண்டு. மூன்றாவது, வீட்டுக்கொரு துண்டுத் தாள். உங்கள் கிணற்று நீரில் உப்பு இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு, குடிக்கலாம் அல்லது குடிக்க வேண்டாம், மாடுகளுக்குக் கொடுக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி, அந்த வீட்டாரிடமே கொடுக்க வேண்டும். பிறர் வீட்டு அளவைப் பொதுப் பலகையில் ஒட்டாதீர்கள். பெண் பார்க்க வருபவர்கள் தண்ணீரைப் பற்றி விசாரிக்கும் நாடு இது.

ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். சென்றவர் யார், யாரைச் சந்தித்தார், என்ன வாக்குக் கொடுத்தார், அது நிறைவேறியதா என்பவை ஒவ்வொரு வருகைக்குப் பின்னும் அதில் எழுதப்பட வேண்டும். ஒரு படி துறையிலும் ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். திட்ட அலுவலர் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து ஊருக்கு ஒருமுறை செல்வதை முதல்வர் கட்டாயமாக்க வேண்டும். ஒரு மனிதர் மாறியதால் ஓர் ஊரின் ஐந்தாண்டு நட்பு அறுந்துபோனதை நான் கண்டிருக்கிறேன்.

மறு ஆண்டு புதிய மாணவர்கள் சேர்ந்ததும், முதல் வேலையாக, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அவர்களை விடியற்காலையில் பால் சங்கத்துக்கு அழைத்துச் செல்லட்டும். படிவம் வேண்டாம். சென்ற ஆண்டின் நான்கு பக்க அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்தவை இவை, நடக்காதவை இவை, நடக்காததற்குக் காரணம் இது என்று அங்கே வாசித்துக் காட்டட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் அதில் ஒரு கிணற்றின் பெயரைத் திருத்துவார்; அந்தத் திருத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அந்த ஆண்டின் பணியைத் தொடங்கலாம்.